அம்மா வேடத்துக்கு ஆள் தேடும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ப் பட இயக்குநர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் 'தளபதி' ஓடிக்கொண்டிருந்தது. கோயிலில் நிற்கும்போது எங்கிருந்தோ ரயில் கூவுகிறது, ரஜினிக்கு அம்மாவாக வரும் ஸ்ரீவித்யா அப்படியே உறைந்துபோகிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த முகத்தை விட்டுக் கண் நகராது. பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டா, 'அபூர்வ ராகங்கள்'ல இவ புருஷன்தானே இவன்? எப்படா மகன் ஆனான்?"

வீட்டுக்கு வந்திருந்த நண்பர்கள் இரண்டு பேருக்கும் எனக்கும் அன்று சாயங்காலம் வரை இதே சண்டைதான். அதன் மிச்சம்தான் இந்தக் கடிதம்.

அத்தையின் கணக்கு சரி. 1975-ல் வந்த 'அபூர்வ ராகங்கள்' ரஜினிக்கு முதல் படம். கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு அவர் தேடி வருவது பைரவியை, அதாவது ஸ்ரீவித்யாவை. விட்டுப்போன கணவன் திரும்பி வருகிறான். 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி'யில் அதே இருவரும் தாயும் மகனும். ரஜினி பிறந்தது 1950, ஸ்ரீவித்யா 1953. மகனைவிட அம்மா மூன்று வயது சின்னவர்.

'அபூர்வ ராகங்கள்' படத்தில் பைரவியைக் காதலித்த கமல்? 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தது. அப்பா கமலுக்கு ஸ்ரீவித்யா மனைவி, அப்பா செத்ததும் மகன் கமல்களுக்கு அம்மா. ஒரே டிக்கெட்டில் இரண்டும் முடிந்துவிட்டது.

இதில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஹீரோவுக்கு அப்பா வேண்டுமென்றால் நீங்கள் வெளியே ஆள் தேடுவதில்லை. அவருக்கே நரைமுடி ஒட்டி, மீசையை மாற்றி, இரட்டை வேடம், மூன்று வேடம் என்று போஸ்டர் அடிக்கிறீர்கள். 'தெய்வ மகன்' சிவாஜி, 'நெற்றிக்கண்' ரஜினி என்று அது ஒரு பெருமை. அந்த அப்பாவுக்கு ஜோடியாக வரும் நடிகைக்குத்தான் ஒரே படத்தில் வயது ஏறிவிடுகிறது. 'நெற்றிக்கண்'ணில் அப்பா ரஜினிக்கு மனைவி, மகன் ரஜினிக்கு அம்மா லட்சுமி. 1999-ல் 'படையப்பா'வில் மனைவி வேடமும் போய்விட்டது, நேரடியாக அம்மா. 1977-ல் 'அவர்கள்' படத்தில் ரஜினியின் மனைவியாக வந்த சுஜாதா, 'பாபா'வில் அவருக்கு அம்மா. பழைய காலமும் இதற்கு விலக்கில்லை. 'குடியிருந்த கோயில்' எம்.ஜி.ஆரின் அம்மா பண்டரிபாய், அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர்.

என் நண்பன் ஒருவன் உங்கள் பக்கம். "நடிப்புன்னா அதுதான்டா. அறுபது வயசு அம்மாவைத் தேடிப் போயிருந்தா அந்த ரயில் சீன் கிடைச்சிருக்குமா?" என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கிடைத்திருக்காது. அதோடு அந்தக் கதையில் ஸ்ரீவித்யாவின் கல்யாணி பதினாலு வயதில் பிள்ளை பெற்றவள். அம்மாவும் மகனும் அக்கா தம்பி போலத் தெரிந்தால் அதில் பெரிய பிசகில்லை. சரி, 'தளபதி'யை விட்டுவிடுகிறேன். கல்யாணிக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஊருக்குச் சொல்ல முடியாத ஒரு ரகசியம் இருக்கிறது, யாரும் பார்க்காத நேரத்தில் அழ ஒரு காரணம் இருக்கிறது. வயதை மறக்கவைக்கும் அளவுக்கு எழுதியிருந்தார்கள்.

என் வழக்கு எழுதாமல் விடுபவர்களோடு. 'நாயகன்' படத்தில் கமலின் மனைவியாக அறிமுகமான சரண்யா, 2010-ல் வந்த 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்துக்குத் தேசிய விருது வாங்கினார். நியாயமான விருது. மகனாக நடித்த விஜய் சேதுபதிக்கும் அவருக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம் என்பது படம் பார்க்கும்போது யாருக்கும் தோன்றாது. அப்படிப்பட்ட நடிகைக்கு அப்புறம் என்ன கொடுத்தீர்கள்? அப்பா திட்டும்போது மகனுக்குப் பரிந்து பேசுவது, தோசை சுடுவது, தட்டில் இன்னொன்று வைப்பது. 'வேலையில்லா பட்டதாரி'யில் அதையும் அழகாகச் செய்தார். ஆனால் பாதிப் படத்தில் அவர் மாரடைப்பில் செத்தால்தான் மகன் உருப்பட முடியும். தமிழ் சினிமாவில் அம்மாவின் உயிர், ஹீரோ பொறுப்பானவன் ஆவதற்குக் கட்டும் முன்பணம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 'லிங்கா'வில் சோனாக்ஷி சின்ஹா ரஜினிக்கு ஜோடி. முப்பத்தாறு வயதுக்கு மேல் இளையவர். "சூப்பர் ஸ்டாருக்கு வயசு கிடையாது" என்று இன்னொரு நண்பன் கையை விரித்தான். ஒத்துக்கொள்கிறேன், நானும் விசில் அடித்தவன்தான். அவருக்குக் கிடையாது என்று தள்ளுபடி செய்த வயதையெல்லாம் ஸ்ரீவித்யா, லட்சுமி, சுஜாதா தலையில்தானே கட்டினோம்?

ரசிகன் ஏற்கமாட்டான் என்று எங்கள்மேல் பழி போடாதீர்கள். 'அசுரன்' படத்தில் தனுஷின் மனைவி மஞ்சு வாரியர், நிஜத்தில் தனுஷைவிட ஐந்து வயதுக்கு அருகில் மூத்தவர். தியேட்டரில் ஒருத்தர் முணுமுணுத்து நான் கேட்கவில்லை. வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற வீடு, காட்டில் பதுங்கும் இரவுகள், புருஷன்மேல் கோபம், பிள்ளைமேல் பயம். அதற்கேற்ற முகம் இருந்தது, நம்பினோம். 'ப. பாண்டி'யில் ராஜ்கிரண் பைக்கை எடுத்துக்கொண்டு பழைய காதலியைத் தேடிப் போனபோது, அந்தக் காதலியாக வந்தது ரேவதி. அந்த இடத்தில் அத்தை கீரையை, அன்றைக்கு வெண்டைக்காயோ என்னவோ, கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். கேலி எதுவும் பேசவில்லை.

பெரிய கோரிக்கை எதுவும் எனக்கில்லை. உங்கள் அடுத்த படத்தின் பாத்திரப் பட்டியலில் 'ஹீரோ அம்மா' என்று எழுதியிருப்பீர்கள். அந்த இடத்தில் ஒரு பெயர் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு வயது. மகன் வெளியே கிளம்பிப் போன பிறகு அவள் வீட்டில் தனியாக என்ன செய்கிறாள் என்று ஒரு காட்சி. அதை எழுதி முடித்த பிறகு, யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், எட்டு வயது வித்தியாசம் என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கியே படம் பார்க்கும் ஒரு ரசிகன்