ராத்திரி தறி ஓட்டறவங்களுக்கும் ஒரு பக்கம் எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை மருத்துவப் பக்கத்தை விடாம படிக்கறவன் நான், தூக்கத்தைப் பத்தி எப்ப எழுதினாலும் பத்து மணிக்கு லைட்டை அணைங்க, செல்லைத் தூர வைங்க, விடியக்காலம் எந்திரிங்கன்னே வருது, நல்ல விஷயந்தான், ஆனா எங்க அம்மாப்பேட்டையில பத்து மணிக்கு தறி முன்னாடி நிக்கற ஆளுங்க இதைப் படிச்சு என்ன பண்ணுவாங்க சொல்லுங்க.

20 வருஷமா இங்க மெடிக்கல் கடை வெச்சிருக்கேன். தூக்கம் வர மாத்திரை குடுங்கன்னு ஒருத்தர் வருவாரு, வராம இருக்க ஏதாச்சும் இருக்கான்னு ஒருத்தர் வருவாரு, பல தடவ ரெண்டும் ஒரே ஆளுதான், வாரம் மட்டும்தான் வேற. ஏன்னா ஷிஃப்ட் வாராவாரம் மாறுது. டாக்டர் சீட்டு இல்லாம நான் ரெண்டும் குடுக்கறதில்ல, அதனால பேச்சுதான் குடுக்க வேண்டியிருக்கு.

அவங்ககிட்ட சொல்றதைத்தான் இங்கயும் சொல்றேன். ரெண்டு கண்ணுலேர்ந்தும் போற நரம்பு குறுக்க கடக்குற எடத்துக்கு சரியா மேல, மூளையோட அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ்னு சொல்ற பகுதியில, சுமார் 20,000 செல் இருக்கற ஒரு சின்னப் புள்ளி இருக்கு, அதுதான் உடம்போட கடிகாரம். அதுக்கு சாவி குடுக்கறது வெளிச்சம். பட்டறைக்காரர் ஷிஃப்ட் மாத்துனது அதுக்குத் தெரியாது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மாதிரிதான் அது மெதுவா நகரும், கொஞ்சம் பழகி வர்றதுக்குள்ள அடுத்த வாரம் பகல் ஷிஃப்டு. அப்புறம் நைட் முடிச்சு பகல்ல படுத்தா எங்கிருந்து தூக்கம் வரும், அதுவும் ஆடி மாசம்னா மைக் செட் வேற.

டீ விஷயத்துக்கு வரேன். முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒன்னு சேந்துட்டே போகும், அது போய் உக்கார்றதுக்கு ஒரு சீட்டு இருக்கு, உக்காந்தாத்தான் கண்ணு சொக்கும். டீயில இருக்கற காபின் முந்திப் போய் அந்த சீட்டுல துண்டைப் போட்டுருது, அவ்ளோதான். அடினோசின் எறங்கிப் போகல, கூட்டமா நின்னுட்டே வருது, காபின் எறங்கினதும் மொத்தமா வந்து உக்காரும். காபின் பாதி கரையவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகுதுங்க, காலையில நாலு மணிக்கு ரெண்டு கிளாஸ் அடிச்சவருக்கு ஒம்பது மணிக்குப் படுத்தா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இன்னொன்னு, சளி மாத்திரை. நம்மள முழிப்பா வெச்சிருக்கறதுல மூளையில இருக்கற ஹிஸ்டமின்ங்கற பொருளுக்கும் பங்கு இருக்கு, பழைய காலத்து சளி, அரிப்பு மாத்திரைங்க மூளைக்குள்ள போயி அதையே அமுக்கிரும். அதனாலதான் எவன் வந்து ஜலதோசம்னாலும் நான் மொதல்ல கேக்கறது "தம்பி, இன்னிக்கு நைட்டா?"

வியன்னாவுல வான் எகோனமோன்னு ஒரு டாக்டர், 1917 வாக்குல மூளைக்காய்ச்சல் வந்து செத்தவங்க மூளையைப் பாத்தாரு, ஹைப்போதலாமஸ் பின்பக்கம் கெட்டவங்க தூங்கிட்டே கெடந்தாங்க, முன்பக்கம் கெட்டவங்களுக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. முழிக்க வைக்கறது ஒரு பக்கம், தூங்க வைக்கறது ஒரு பக்கம், ஒன்னு எந்திரிச்சா இன்னொன்னை அமுக்கும்னு பின்னாடி வந்தவங்க கண்டுபுடிச்சாங்க. தறிக்காரங்களுக்கு இது சட்டுனு புரிஞ்சிரும். தறியில ஊடு நூலைக் கொண்டுட்டு குறுக்க ஓடற நாடா இந்தப் பெட்டியில இருக்கணும் இல்ல அந்தப் பெட்டியில இருக்கணும், நடுவுல நின்னா நீளவாக்குல இருக்கற பாவு நூல் அறுந்துரும். ராத்திரி மூணு, நாலு மணிக்கு கண்ணு தொறந்திருக்கும்போதே ரெண்டு மூணு செகண்ட் மூளை அணைஞ்சு எரியுது பாருங்க, அது நடுவுல நின்ன நாடாதான், அந்த நேரத்துல கை எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும். மேஸ்திரி அதுக்கு சோம்பேறிப் பயலேன்னு திட்டறாரு.

எங்கப்பாவும் தறி ஓட்டினவருதான். அந்த சத்தத்துல பக்கத்துலயே பாயைப் போட்டு அசந்து தூங்குவாரு, நாங்க கத்தினாலும் அசைய மாட்டாரு, கரண்டு போயி தறி நின்னா மட்டும் டக்குனு எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. ஒரே சீரா வர்ற சத்தத்தை மூளை விட்டுருது, மாறினாத்தான் காது குடுக்குது. சின்ன வயசுல எங்களுக்கு அது சிரிப்பா இருக்கும்.

அதனால சார், நைட் ஷிஃப்ட் ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு வாரம் எழுதுங்க. விடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப வெயில் கண்ணுல படாம கூலிங் கிளாஸ் போடறது, ஜன்னலுக்கு கருப்புத் துணி, டீயை ஷிஃப்டோட முதல் பாதியிலயே முடிச்சுக்கறது, வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு குட்டித் தூக்கம், இதெல்லாம். வாராவாரம் மாத்தறது ஏன் தப்புன்னு பட்டறைக்காரங்களுக்கு உறைக்கற மாதிரி கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டீங்கன்னா கட் பண்ணி கடைக் கண்ணாடியில ஒட்டிருவேன், அவங்களும் பிரஷர் மாத்திரை வாங்க என் கடைக்குத்தான் வர்றாங்க.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் கடைக்காரர்,
அம்மாப்பேட்டை, சேலம்.