லூலூவின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலத்தைவிடப் புகழ்பெற்ற கவர் பாடல்கள் (ஒருவர் பாடியதை வேறொருவர் மறுபடி பாடுவது) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் ‘த மேன் ஹூ சோல்ட் த வேர்ல்ட்’ பாடலுக்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையாளர் 1970இலிருந்து ஒரே தாவலில் 1993க்குப் போய்விட்டார். எம்டிவி இசைத் தொலைக்காட்சிக்காக நியூயார்க்கில் அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா வாசித்த பிறகுதான் அந்தப் பாட்டு வெளியே தெரிந்தது என்கிறார். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே அதைப் பாடி, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம்வரை கொண்டுபோனவர் ஸ்காட்லாந்துப் பாடகி லூலூ. அவர் பெயரைக் கட்டுரை முழுக்கத் தேடினேன், ஓரிடத்தில்கூட இல்லை.

1970இல் போவி அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. அதே பெயர் கொண்ட ஆல்பம் அமெரிக்காவில் முதலிலும், பிரிட்டனில் 1971இலும் வந்தது. விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அந்தப் பாட்டைத் தனி சிங்கிளாக, அதாவது ஒரு பாட்டை முன்வைத்து வரும் சிறு இசைத்தட்டாக, யாரும் முன்னிறுத்தவில்லை. 1973இல் ‘லைஃப் ஆன் மார்ஸ்?’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் அதைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனை ராக் நட்சத்திர வேடத்தில் போவியைக் கொண்டாடிய கூட்டத்தில் பலரது வீட்டிலும் அந்தத் தட்டு இருந்திருக்கும். திருப்பிப் போட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் மேடையில் போவி ஸிக்கிக்கு விடை கொடுத்தார். அதையொட்டி கஃபே ராயலில் நடந்த விருந்துக்கு லூலூவும் வந்திருந்தார். அந்த மாதமே போவி பிரான்ஸில், பாரிஸுக்கு அருகிலுள்ள ஷாத்தோ தெரூவீல் ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘பின் அப்ஸ்’ ஆல்பத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார். அறுபதுகளில் வந்த மற்றவர்களின் பாடல்களை அவர் பாடிய ஆல்பம் அது. லூலூவின் பாட்டும் அந்தச் சமயத்தில்தான் பதிவானது. தயாரிப்பு போவியும் அவருடைய கிட்டார் கலைஞர் மிக் ரான்சனும் சேர்ந்து. பின்னணியில் போவி பாடினார், சாக்ஸஃபோனும் வாசித்தார்.

ரான்சனைப் பற்றி இங்கே நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். 1970 பதிவில் சுழன்று சுழன்று வரும் அந்த கிட்டார் வரியை வாசித்தவர் அவர்தான். லூலூவின் பதிவில் கிட்டாரும் அவருடையதே, தயாரிப்பில் பாதிப் பொறுப்பும் அவருடையதே. ஆக, தான் வாசித்த பாட்டையே மூன்று ஆண்டு கழித்து அவர் திரும்ப எடுத்து, வேறு உடம்பு கொடுத்திருக்கிறார். முதல் பதிவில் கிட்டார் தனியே சுமந்த வரியை இங்கே சாக்ஸஃபோனும் சேர்ந்து தூக்குகிறது. பாட்டுக்கு இரவு விடுதியின் புகை மணம் வந்துவிடுகிறது. உங்கள் கட்டுரை போவியை மேதை என்று நான்கு இடங்களில் சொல்கிறது. சொல்லட்டும், தகுதியானவர்தான். ஹல் நகரத்து ரான்சனுக்கு ஒரு இடமாவது கொடுத்திருக்கலாம். நிர்வாணா அந்தப் பாட்டை வாசித்தது 1993 நவம்பரில். ரான்சன் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே புற்றுநோயால் இறந்துவிட்டார்.

இனி லூலூவின் குரல். போவியின் முதல் பதிவில் பாடுகிறவன் எங்கோ தொலைவில் நிற்கிறான். லூலூ நம் பக்கத்தில் நின்று, கீழ்ஸ்தாயியில், கரகரத்துப் பாடுகிறார். குரலில் அந்தக் கரகரப்பு வரவேண்டும் என்பதற்காக இன்னும் சிகரெட் பிடிக்கச் சொல்லி போவி வற்புறுத்தியதாக லூலூவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடம்புக்கு ஆகாத யோசனைதான். ஆனால் என்ன குரல் வேண்டும் என்பதில் போவிக்கு எவ்வளவு தெளிவு இருந்தது என்பதை அது காட்டுகிறது. படிக்கட்டில் எதிர்ப்படும் ஒருவன், செத்துப்போய்விட்டதாக நினைத்த ஒருவன், அவன் வேறு ஆளா, நானேதானா என்று விளங்காமல் திகைப்பதுதான் பாட்டின் கரு. அதை ஒரு பெண், ஆண்களின் கோட்டும் டையும் அணிந்து தொலைக்காட்சியில் பாடியபோது அந்தத் திகைப்பு இரட்டிப்பாகிறது. போவி பாடியதில்கூட எனக்கு இந்த அளவுக்குச் சில்லிட்டதில்லை.

‘போவி ஆட்டுவித்த பொம்மைதானே லூலூ’ என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பெரிய அநியாயம். ஐஸ்லி பிரதர்ஸின் ‘ஷவுட்’ பாட்டைப் பாடி 1964இல் அவர் பிரிட்டனை அதிரவைத்தபோது வயது 15. 1967இல் ‘டு சர் வித் லவ்’ அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. யூரோவிஷன் போட்டியில் 1969இல் பகிர்ந்து வென்ற ‘பூம் பேங்-எ-பேங்’ என்ற துள்ளல் பாட்டை வைத்தே அவரை எடைபோடுகிறவர்கள், அதற்குப் பிறகு அவர் சோல் இசைப் பதிவுகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க ஊரான மசில் ஷோல்ஸுக்குப் போய் ‘நியூ ரூட்ஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்ததையும், அதில் புகழ்பெற்ற அமெரிக்க கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் வாசித்ததையும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் குரலுக்குள் என்ன இருந்தது என்று போவிக்குத் தெரிந்திருந்தது. அதில் இல்லாத ஒன்றை அவர் ஊற்றி நிரப்பவில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் அந்த சிங்கிளின் மறுபக்கத்தில் உள்ள ‘வாட்ச் தட் மேன்’ பாட்டைக் கேட்கட்டும். போவியின் ‘அலாடின் ஸேன்’ ஆல்பத்தில் அதே பாட்டில் அவர் குரல் வாத்தியங்களுக்கடியில் புதைந்து கிடக்கும். லூலூவின் பதிவில் குரல் முன்னால் வந்து நிற்கிறது.

1974 ஜனவரியில் வந்தது அந்த சிங்கிள். அந்தப் பாட்டு முதன்முதலாக ஒரு ஹிட் ஆனது அப்போதுதான். நிர்வாணாவைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் பாடி முடித்ததும் இது போவியின் பாட்டு என்று மேடையிலேயே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நம் கட்டுரையிலும் அது வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள்: பாடியவர் லூலூ, தயாரிப்பு டேவிட் போவி, மிக் ரான்சன், ஆண்டு 1974. இந்த வரிசையில் மூன்றாவது கட்டுரை வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் கிளாம் ராக் (எழுபதுகளின் தொடக்கத்தில் பகட்டான உடையும் ஒப்பனையுமாக வந்த ராக் இசை) காலத்துப் பாடகிகளுக்கும் இடம் ஒதுக்குமாறு கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்