தேவையான பொருட்கள்: மூடி – 1

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தீபாவளிப் பலகார இணைப்பைப் படித்தேன். சீப்புச்சீடைக்குச் சொன்ன பக்குவம் சரியாகத்தான் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் கொஞ்சம் கஞ்சத்தனம், அவ்வளவுதான். ஆனால் 'எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் பிழியவும்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. பலகாரத்துக்கு 180 டிகிரிச் சூடு போதும். புகைகிற எண்ணெயை அப்படியே விட்டால், சிறிது நேரத்தில் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். காரைக்குடியில் எங்கள் வீட்டில் கல்யாணப் பலகாரம் நடந்தது. அடுத்த ஈட்டுக்கு எண்ணெய் காயட்டும் என்று வைத்துவிட்டு, எல்லோரும் முகப்புக்கு விருந்தாளியை வரவேற்கப் போய்விட்டோம். திரும்பினால் இருப்புச்சட்டியின் மேல் முழ உயரத்துக்குத் தீ. வீட்டுப் பையன் ஒருவன் கிணற்றடியிலிருந்து வாளியோடு ஓடி வந்தான். பலகாரத்துக்கு வந்திருந்த ஆச்சி, "தண்ணீரைக் கீழே வை!" என்று போட்ட சத்தத்தில் அவன் அப்படியே நின்றுவிட்டான். அவர் அடுப்பைத் திருகி அணைத்தார். பித்தளைத் தாம்பாளம் ஒன்றைத் தம் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சட்டியின் மேல் தள்ளி மூடினார். தீ அடங்கிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து, அணைந்துவிட்டதா என்று பார்க்கப் பையன் தாம்பாளத்தைத் தூக்கினான். காற்றுப் பட்டதும் மறுபடி குப்பென்று எழுந்தது. மூடிவிட்டு அவன் கையில் ஓர் அடி வைத்தார் ஆச்சி. சட்டி ஆறும்வரை அதை யாரும் நகர்த்தக்கூடாது என்பதும் அவர் உத்தரவுதான்.

அந்த வாளித் தண்ணீர் விழுந்திருந்தால்? எண்ணெய்க்கு அடியில் இறங்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்காக விரியும். எரிகிற எண்ணெயை அது கூரை விட்டம்வரை தூக்கியடிக்கும். விறகடுப்புக் காலத்தில் தீ என்றால் தண்ணீர்; அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அப்போது பெரிய பலகார வேலையெல்லாம் இரண்டாம் கட்டு வாசலில், வானம் பார்த்த இடத்தில் நடந்தது. இப்போது பத்தடி அறையில், தலைக்கு மேல் பலகை அலமாரி, மேடைக்கு அடியில் 14.2 கிலோ சிலிண்டர்.

சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள். ரப்பர்க் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டை யாரும் பார்ப்பதே இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. மூடியில் அடங்காத தீயோடு மல்லுக்கு நிற்காமல், எல்லோரும் வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும். சுட்ட இடத்தில் இட்லி மாவும் பேனா மையும் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டினாலே போதும், பிறகு மருத்துவரிடம் போகலாம்.

அடுத்த இதழில் அந்தப் புகை வரியைத் திருத்தி வெளியிடுங்கள். இனி எந்தப் பலகாரத்துக்குப் பட்டியல் போட்டாலும், பச்சரிசிக்கு முன்னால் 'சட்டியை முழுதாக மூடும் தட்டு – 1' என்று அச்சிடுங்கள். தேங்காய்ப்பாலைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.