வரலாற்று ஆய்வு மாணவருக்கு வழிச்செலவும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிந்துவெளி எழுத்துகளின் புதிரை விடுவிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை (கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த நகல்களை) மைசூரிலிருந்து சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் உத்தரவிட்டபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த அக்கறை மகிழ்ச்சியையே தருகிறது. ஆனால் அந்த மைப்படிகளையும் ஆவணங்களையும் படிக்கக்கூடியவர்களை உருவாக்கும் ஐந்தாறு ஆண்டு முனைவர் பட்டக் காலத்தை ஒரு மாணவர் எதைக் கொண்டு கடத்துகிறார் என்ற கேள்வி மட்டும் பொதுவெளியில் எழுவதே இல்லை. அதை எழுப்பவே இக்கடிதம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது குறையில்லாத தொகைதான். ஆனால் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறும் சிலருக்கே அது கிடைக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் அந்தத் தேர்வு, பழைய கையெழுத்தைப் படித்துப் பொருள் கொள்ளும் திறனை எவ்வகையிலும் அளப்பதில்லை. அதில் தேறாதவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தால் மாதம் 8,000 ரூபாய் பெறலாம். 2012-இல் நிர்ணயித்த அந்தத் தொகையை இன்றுவரை யாரும் உயர்த்தவில்லை. மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அதுவும் கிடையாது. வரலாற்றுக்கென்றே 1972-இல் தொடங்கப்பட்ட இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் மாதந்தோறும் தரும் 17,600 ரூபாய்க்கு நாடு முழுவதும் போட்டி. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-இல் மத்திய அரசு நிறுத்தியே விட்டது. தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்குவதும், முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் 25,000 ரூபாய் வழங்குவதும் பாராட்டுக்குரியவை. எனினும் பின்னது வரலாற்றுக்கென்றே உள்ள திட்டம் அல்ல.

தொகையின் அளவைவிட அதன் அடியில் இருக்கும் ஒரு கணக்குத்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. மானியக் குழு மாத உதவித்தொகையுடன் 'கன்டின்ஜென்சி' என்ற பெயரில் ஆய்வுச் செலவுக்கும் ஒரு தொகை தருகிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அது அறிவியல் மாணவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், கலைப் பிரிவு மாணவருக்கு 10,000 ரூபாய்; பிறகு முறையே 25,000, 20,500. ஆய்வகம் உள்ளவருக்குச் செலவு அதிகம், புத்தகம் படிப்பவருக்குக் குறைவு என்பது இந்த வேறுபாட்டின் தர்க்கம். அறிவியல் மாணவருக்குப் பெரும்பாலும் ஆய்வகம் அவருடைய துறையிலேயே இருக்கிறது. வரலாற்று மாணவரின் ஆய்வகமோ பல ஊர்களில், சில வேளைகளில் பல நாடுகளில், சிதறிக் கிடக்கிறது.

காவிரிக் கழிமுகத்தின் 18-ஆம் நூற்றாண்டு வணிகத்தை ஒருவர் ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தஞ்சை மராட்டியர் காலத்தில், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி என்ற பழைய எழுத்தில் அமைந்த ஆவணங்களுக்குத் தஞ்சாவூர்ச் சரசுவதி மகால் நூலகம். பிரெஞ்சுக்காரர் குறித்து அறியப் புதுச்சேரி. 1781 வரை நாகப்பட்டினத்தை ஆண்ட டச்சுக்காரர்களின் ஆவணங்களைத் தேடி ஹேகுக்கும், 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்த டேனியரின் ஆவணங்களைத் தேடிக் கோபன்ஹேகனுக்கும் போக வேண்டும். ஆங்கிலேயர் ஆவணங்களின் இன்னொரு பகுதி இருக்கும் லண்டன் தனி. வெளிநாடுகளை விட்டுவிடுவோம், எழும்பூரை மட்டும் பார்ப்போம். அங்கே அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்து, கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆவணக் கட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த கட்டில் தேடிய கடிதம் இல்லாமல் போகலாம். தாள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் தர இயலாது என்று சீட்டே திரும்பியும் வரலாம். விழுப்புரத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி வரும் மாணவர் இரண்டு தொகுதிகளைப் பார்த்து முடிப்பதற்குள் மாலையாகிவிடும். மாதக் கணக்கில் சென்னையில் தங்கினால்தான் வேலை நடக்கும். ஆண்டுக்கு 10,000 ரூபாயை வைத்துக்கொண்டு அவர் எத்தனை வாரம் தங்குவார்?

இதன் விளைவை நான் என் கண்முன்னே பார்த்திருக்கிறேன். ஆய்வுத் தலைப்பைப் பேருந்துத் தடம் தீர்மானிக்கிறது. நல்ல கேள்வியோடு வந்த மாணவர்கள், இரண்டாம் ஆண்டில் தலைப்பைச் சுருக்கிச் சுருக்கி, மாவட்ட மைய நூலகத்தில் கிடைக்கும் அச்சு நூல்களைக் கொண்டே முடிக்கக்கூடிய ஒன்றாக மாற்றிக்கொள்கிறார்கள். பிறகு, முனைவர் பட்ட ஆய்வேடுகளில் புதிதாக எதுவும் இல்லை என்று நாமே குறைப்படுகிறோம். மோடி எழுத்தோ டச்சு மொழியோ கற்க ஓராண்டாவது பிடிக்கும். அந்த ஓராண்டை எந்த உதவித்தொகையும் கணக்கில் கொள்வதில்லை. எழும்பூரிலேயே டச்சு ஆவணத் தொகுதிகள் இருந்தும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தாமதத்தையும் சொல்ல வேண்டும். கிடைக்கும் தொகையும் மாதாமாதம் கிடைப்பதில்லை. வருகைச் சான்று ஒரு மேசையில், முன்பு தந்த தொகை செலவான விதத்தைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் இன்னொரு மேசையில் தங்கிவிட, ஏழெட்டு மாத நிலுவை மொத்தமாக வரும். மற்ற வேலை பார்க்கக் கூடாது என்று உறுதிமொழி எழுதி வாங்கப்பட்ட மாணவர் அதுவரை விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்குகிறார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள், பெண்கள் முக்கியமாக, இந்த இடத்தில்தான் படிப்பை விடுகிறார்கள்.

உதவித்தொகையை வாங்கிக்கொண்டு ஒன்றும் எழுதாதவர்களும் உண்டே என்பார்கள். உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் பார்த்த மூல ஆவணங்களை வைத்துக்கொண்டு வல்லுநர் முன்னிலையில் பேச வைத்தால் யார் உழைத்தார்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆவணக் காப்பகத்தோடு இணைந்து இயங்கும் தமிழ்நாடு வரலாற்று ஆராய்ச்சி மன்றம் ஏற்கெனவே இருக்கிறது. புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. அதன் வழியாக வரலாறு, தொல்லியல், கல்வெட்டியல் முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தனி உதவித்தொகையை அரசு அறிவிக்கலாம். கொள்குறித் தேர்வுக்குப் பதிலாக ஆய்வுத் திட்டத்தையும் நேர்காணலையும் கொண்டு தெரிவு செய்யலாம். ஆவணக் காப்பகங்களுக்குச் சென்று தங்கும் செலவை உண்மைச் செலவின் அடிப்படையில் தனியாகத் தர வேண்டும். எழுத்தோ மொழியோ கற்க வேண்டியவருக்கு ஓராண்டு கூடுதலாக வழங்க வேண்டும். எழும்பூரில் ஆய்வாளர்கள் குறைந்த வாடகையில் தங்க இருபது அறைகள் கொண்ட விடுதி ஒன்று அமைந்தால், தென்மாவட்ட மாணவர்களுக்கு அதுவே பேருதவியாக இருக்கும். சிந்துவெளி எழுத்துப் பரிசுக்கென்று அறிவித்த தொகையின் ஒரு பகுதி போதும் என்பதால், அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே உயர்கல்வித் துறை இதற்கு இடம் தர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
விழுப்புரம்.