எதிர்காலத்தைப் படமெடுக்கும் இயக்குநர்களுக்கு, பாம்பனிலிருந்து

தமிழில் அறிவியல் புனைகதைப் படம் எடுக்கும், எடுக்கப்போகும் இயக்குநர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் தனுஷ்கோடியில் ஒரு குறும்படக் குழுவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இடிந்த தேவாலயத்தை வைத்து ஷாட். பக்கத்தில் தார்ப்பாய் கட்டிச் சங்கு விற்கும் அக்காவிடம் ஒரு பையன் போனான். “அக்கா, கொஞ்ச நேரம் கடையை எடுத்துக்கிறீங்களா? உலகம் அழிஞ்ச பிறகு நடக்கிற சீன், ஆள் இருக்கக் கூடாது.” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இங்க அறுபத்து நாலுலயே அழிஞ்சாச்சு தம்பி. அதுக்கப்புறம்தான் நாங்க கடை போட்டிருக்கோம்.” கடைசியில் இருநூறு ரூபாய் கைமாறியது, தார்ப்பாய் இறங்கியது.

1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஊரே போனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. உங்கள் கதைகள் இந்த அழிவோடு நின்றுவிடுகின்றன. இங்கேயோ ஆட்கள் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டார்கள், கரைவலை இழுத்தார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். குடம் நிறைய நேரமாகும். அவசரப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். பேரழிவுக்குப் பிறகு ஹீரோ எதைக் குடிப்பான் என்று யோசிக்கிறவர்கள் ஒருநாள் வந்து பாருங்கள்.

அழிவுப் படமாவது பரவாயில்லை. பொன்னுலகப் படங்கள்தான் எனக்கு இன்னும் உறுத்தல். கண்ணாடிக் கோபுரம், பறக்கும் கார், கசங்காத வெள்ளைச் சட்டை. சரி, அந்தச் சட்டையைத் துவைப்பது யார்? ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் 1927லேயே ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் காட்டிவிட்டார்: மேலே பணக்காரப் பிள்ளைகளின் தோட்டம், பூமிக்கடியில் எந்திரத்தோடு மாரடிக்கும் தொழிலாளர்கள். ஒரே ஊர்தான். லிஃப்ட் உங்களை எங்கே இறக்கிவிடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் லிஃப்ட்கூட வேண்டாம். கமுதிப் பக்கம் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பலகைகள்; அவற்றைத் துடைக்க ரோபோக்கள். இதே மாவட்டத்துச் சாலைகளில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு பெண்கள் தண்ணீருக்குப் போவார்கள். கிராபிக்ஸ் செலவில்லாத காட்சி.

1973இல் வந்த ‘சாய்லன்ட் கிரீன்’ என்ற ஹாலிவுட் படம் 2022ஆம் ஆண்டைக் கற்பனை செய்தது. கடல் செத்துக்கொண்டிருப்பது அதில் மூடி மறைக்கப்படும் ஒரு ரகசியம். மன்னார் வளைகுடாவில் விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்போடு முங்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் அப்படி எதையும் மறைக்க முடியாது. பாறையில் எது குறைந்தது என்று முதலில் தெரிவது அவர்கள் கைக்குத்தான். அவர்களில் ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்து 2080ஐ எழுதுங்களேன்.

அப்புறம், தனுஷ்கோடிக்கு மறுபடி வந்தால் அந்தத் தார்ப்பாயை ஃப்ரேமுக்குள்ளேயே விட்டுவிடுங்கள். அக்காவுக்கு வியாபாரமும் கெடாது.

இப்படிக்கு,
படம் பார்க்கும் பாம்பன்காரன் ஒருவன்