121 தோல்வியும் ஒரு பின்னக் கணக்கும்

சிகாகோ
6-10-2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

“அந்த ஊர் ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டம் கிடக்கட்டும். ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நோட்டில் ஸ்கோர் எழுதுகிற உங்களுக்கு பேஸ்பாலின் கணக்குதான் ருசிக்கும்.

உங்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 19.3 ஓவர் என்றால் பத்தொன்பது ஓவரும் மூன்று பந்தும். இங்கே பந்து வீசுகிற பிட்சர் 6.2 இன்னிங்ஸ் வீசினார் என்றால் ஆறு இன்னிங்ஸும் மேலே இரண்டு அவுட்டும். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் புள்ளிக்குப் பின்னால் 0, 1, 2 தவிர வேறு எண்ணே வராது. எக்செலில் 6.2-ஐயும் 6.2-ஐயும் கூட்டினால் 12.4 என்று காட்டும். சரியான விடை 13.1. பிட்சரின் சராசரியான இ.ஆர்.ஏ.வுக்கும் (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுக்கும் ரன்) இதே ஆபத்துதான். அவர் கொடுத்த ரன்களை (ஃபீல்டர் பிழையால் வந்தவற்றைக் கழித்துவிட்டு) 9-ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். 6.2 இன்னிங்ஸில் 3 ரன் என்றால், 6.2-ஆல் அப்படியே வகுத்தால் 4.35 வரும். அது தப்பு. அவுட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்: 20 அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 அவுட் என்பதால், 3 × 27 ÷ 20 = 4.05. ஒருவரைக்கூட அவுட் ஆக்காமல் ரன்னை மட்டும் கொடுத்துவிட்டுப் போன பிட்சருக்கு சைபரால் வகுக்க முடியாது இல்லையா, அவர் பெயருக்கு நேரே முடிவிலிக் குறியைப் போட்டுவிடுகிறார்கள்.

இனி இந்த ஊர் கதைக்கு வருகிறேன். சிகாகோவின் தெற்குப் பக்கம், ரெட் லைன் ரயிலில் 35-ஆம் தெருவில் இறங்கினால் ஒயிட் சாக்ஸ் மைதானம். போன வாரம் முடிந்த சீசனில் இந்த அணி ஆடியது 162, ஜெயித்தது 41, தோற்றது 121. 1901-லிருந்து எண்ணினால் ஒரு சீசனில் இத்தனை ஆட்டம் தோற்ற அணி வேறு கிடையாது. நடுவில் தொடர்ந்து 21 தோல்வி; ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் 5-1 என்று ஜெயித்துத்தான் அந்தச் சங்கிலி அறுந்தது.

கணக்கில் ஒரு வேடிக்கை. இதற்கு முன் அந்தச் சாதனை 1962-ன் நியூயார்க் மெட்ஸ் கையில் இருந்தது: 40 வெற்றி, 120 தோல்வி. அவர்களுக்கு ஓர் ஆட்டம் சமனில் முடிந்தது, இன்னொன்று நடக்கவே இல்லை. அதனால் வகுக்கும் எண் 160. 40 ÷ 160 = 0.250. ஒயிட் சாக்ஸுக்கு 41 ÷ 162 = 0.253. ஆக, தோல்வியை எண்ணினால் ஒயிட் சாக்ஸ் மட்டம், விகிதம் பார்த்தால் மெட்ஸ் மட்டம். எந்தப் பக்கத்து ரசிகரோடு பேசுகிறோம் என்று பார்த்துக்கொண்டு வாயைத் திறக்க வேண்டும்!

ஒயிட் சாக்ஸ் 120-ஆவது தோல்வியைத் தொட்டதும், கடைசியாக ஊரில் நடந்த மூன்று ஆட்டத்திலும் ஏஞ்சல்ஸ் அணியைத் தோற்கடித்துவிட்டார்கள். செப்டம்பர் 27 அன்று டெட்ராய்டில் 4-1 என்று தோற்று 121-ஐ எட்டினார்கள். அதே இரவில் அதே வெற்றியால் டெட்ராய்ட், சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றான பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

இவ்வளவு தோல்விக்கு அதிர்ஷ்டம் எவ்வளவு பொறுப்பு என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. பில் ஜேம்ஸ் என்பவர் சொன்ன சூத்திரம். பார்ப்பதற்குப் பிதாகரஸ் தேற்றம் மாதிரி இருப்பதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். ஒயிட் சாக்ஸ் எடுத்தது 507, கொடுத்தது 813. வர்க்கங்கள் 2,57,049, 6,60,969. விடை 0.280. அதை 162-ஆல் பெருக்கினால் 45. ஆக, கெட்ட நேரத்தின் பங்கு நான்கு ஆட்டம்தான், மிச்சமெல்லாம் சொந்த முயற்சி. இதற்கு நேர் எதிர் 2016-ன் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். எடுத்தது 765, கொடுத்தது 757, சூத்திரம் சொல்வது 82 வெற்றி. ஆனால் ஜெயித்தது 95. ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அவர்கள் கணக்கு 36-11. பத்து ரன்னில் தோற்றாலும் ஒரு தோல்விதான், ஒரு ரன்னில் ஜெயித்தாலும் ஒரு வெற்றிதான். சூத்திரம் பிசகுவது அந்த இடத்தில்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கிறிஸ் டேவிஸ் என்ற பேட்டரின் கணக்கு. பேட்டிங் சராசரி என்பது ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்வது) ÷ அட்-பேட் (கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்பு). நான்கு தப்புப் பந்து வாங்கி முதல் பேஸுக்கு நடந்து போவதும், பந்து உடம்பில் பட்டுப் போவதும் அட்-பேட்டில் சேராது. புதிதாக ஸ்கோர் எழுதுபவர்கள் தடுக்கி விழுவது இதில்தான். டேவிஸின் நான்கு வருடம் இதோ: 2015-ல் 392-க்கு 97, 2016-ல் 555-க்கு 137, 2017-ல் 566-க்கு 140, 2018-ல் 576-க்கு 142. நீங்களே வகுத்துப் பாருங்கள். நான்குமே 0.247! மூன்றாம் தசமத்துக்கு முழுமையாக்குவதால்தான் இந்த ஒற்றுமை. நான்காம் தசமம் வரை போனால் 0.2474, 0.2468, 0.2473, 0.2465. கடைசி வருடத்தைக் கவனியுங்கள், மயிரிழையில் தப்பியது. ஒரு ஹிட் குறைந்திருந்தால் 0.245, ஒன்று கூடியிருந்தால் 0.248.

ஒயிட் சாக்ஸ் எப்போதுமே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 1906-ல் இவர்கள் அணியின் பேட்டிங் சராசரி 0.230, தங்கள் லீகிலேயே கடைசி. ஆனாலும் 116 ஆட்டம் ஜெயித்து வந்த, இதே ஊரின் இன்னொரு அணியான கப்ஸை வீழ்த்தி வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரை வென்றார்கள். 1959 ஏப்ரல் 22 அன்று கன்சாஸ் சிட்டிக்கு எதிராக ஏழாவது இன்னிங்ஸில் 11 ரன் எடுத்தார்கள், ஹிட் ஒன்றே ஒன்று. பத்து பேர் நடந்தே போனார்கள், ஒருவருக்கு உடம்பில் பந்து, எதிரணி செய்த பிழை மூன்று. மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது நான்காவது ஆள் நடந்து வந்தால் ஒவ்வொருவராக முன்னால் தள்ளப்பட்டு, மூன்றாம் பேஸில் நிற்பவர் சும்மாவே ‘வீட்டுக்கு’, அதாவது பேட்டர் நிற்கும் இடத்துக்கு, வந்து ஒரு ரன் சேர்த்துவிடுவார். நெரிசல் பஸ்ஸில் பின்னால் ஆள் ஏற ஏற முன்வாசல் வழியாக ஒருவர் இறங்குவது போலத்தான்.

இந்த வருடத்து விசித்திரம் பாஸ்டனில் நடந்தது. ஜூன் 26 அன்று டொராண்டோவுக்காக டானி ஜேன்சன் பேட்டிங் செய்துகொண்டிருக்கும்போது மழை. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி ஆகஸ்ட் 26-க்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் ஜூலையில் அவரை பாஸ்டனுக்கே மாற்றிவிட்டார்கள். ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது அவர் விட்டுப்போன பேட்டிங்கை டொராண்டோவின் டால்டன் வார்ஷோ தொடர, பின்னால் உட்கார்ந்து பந்து பிடித்தவர் அதே ஜேன்சன். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடியவர் இந்த லீகில் அவர் ஒருவர்தான். இன்னொரு சிக்கல்: நிறுத்திவைத்த ஆட்டம் எப்போது முடிந்தாலும் பதிவேட்டில் ஆரம்பித்த தேதிதான். அதனால்தான் 2018 மே 20 அன்று அறிமுகமான ஹுவான் சோட்டோ என்ற வீரருக்கு மே 15 தேதியிட்ட ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) இருக்கிறது.

இத்துடன் ஸ்கோர் தாள் இரண்டு வைத்திருக்கிறேன். ஃபீல்டர்களைப் பெயரால் அல்ல, எண்ணால் எழுத வேண்டும். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, பின்னால் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில், ஆனால் எண் 6. முதல் வாரம் எல்லோரும் அங்கே தப்பு செய்வார்கள். 6-4-3 என்றால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட். ஸ்டிரைக்-அவுட்டுக்கு (மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட் ஆவது) ஆங்கிலக் ‘கே’ எழுத்து. பேட்டை வீசாமல் வேடிக்கை பார்த்து அவுட் ஆனால் அதையே திருப்பிப் போட வேண்டும். ஒரே இன்னிங்ஸில் நான்கு ‘கே’ வந்தால் பயப்பட வேண்டாம். மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் பிடிக்காமல் விட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தால், இரண்டு அவுட் ஆகியிருக்க வேண்டும். ஓடித் தப்பினாலும் பிட்சர் கணக்கில் ‘கே’ ஏறும், அவுட் மட்டும் ஏறாது.

பென்சிலால் எழுதுங்கள். பிழையா ஹிட்டா என்று அதிகாரபூர்வ ஸ்கோரர் பிறகு மாற்றிச் சொல்வது உண்டு.

அன்புடன்,
குமார்