இரவு நேரத் தறி ஓட்டத்தை நிறுத்தக் கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: குடியிருப்பை ஒட்டிய தறிக்குடோனின் இரவு ஷிப்டை நிறுத்தக் கோருதல் – முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லாதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பிள்ளையார் கோயில் தெருவை நீங்கள் அறிவீர்கள். அங்கே ரேஷன் கடையைத் திறந்துவைத்ததே தாங்கள்தான். அந்தக் கடைக்கு எதிரில் இருக்கிறது குடோன். அதற்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்.

1. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. படுக்கையறைக்குள் 30-ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாடாத் தறிகள் ஓடும் இடத்தில் 90-க்குக் குறையாது.

2. என் அம்மாவுக்கு ரத்த அழுத்தம். அவர் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது, வேறு இடம் இல்லை. அலமாரியில் வைத்த மாத்திரை டப்பா அதிர்வில் நகர்ந்து நகர்ந்து விடிவதற்குள் விளிம்புக்கு வந்துவிடும். தறியில் வேலை செய்தே அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் விசாரிக்க வந்த ஊழியர், "பழகிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவும் பழகிவிட்டது என்றுதான் சொல்கிறார். மனசு பழகியிருக்கலாம் ஐயா, உடம்பு பழகவில்லை. தூக்கத்திலும் காது வேலை செய்கிறது. சத்தம் மூளைக்குப் போனதும் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்கள் சுரந்து, நாடி வேகமாகி, ரத்தக்குழாய் சுருங்குகிறது. ஆள் விழிக்காவிட்டாலும் இது நடக்கும். வருடக்கணக்கில் நடந்தால் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் அபாயம் கூடும். ஏற்கெனவே அழுத்தம் உள்ளவருக்கு? டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார். மாதாந்திர மின்தடை அன்று பகலில் மட்டும் அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறார். மின்வாரியத்துக்கு இருக்கும் கருணைகூட வேறு யாருக்கும் இல்லையா?

3. தறியே ஓடக்கூடாது என்று கேட்கவில்லை. நாங்களும் தறிச்சோறு தின்றவர்கள்தான். ராத்திரி மட்டும் நிறுத்தட்டும். தறிக்கு அடியில் ரப்பர் போடட்டும், சுவரை விட்டுத் தள்ளிப் போடட்டும். தாழ்ந்த சுருதி ஒலியும் அதிர்வும் சுவர் வழியாகவே வருவதால் ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை.

4. ஆய்வுக்கு வந்தார்களாம். எப்போது? மதியம், எல்லோரும் சாப்பிடப் போய்த் தறி நின்றிருந்த நேரத்தில்! அப்போது ஒலி அளக்கும் மீட்டரில் என்ன தெரியும்? இரவு 2 மணிக்கு வரச் சொல்லுங்கள். அம்மாவின் கட்டில் சட்டத்தில் கை வைத்துப் பார்க்கட்டும், மீட்டரே வேண்டாம்.

5. நிம்மதியாக வாழ்வது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை, அதில் சத்தமில்லாமல் இருப்பதும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இலேயே சொல்லிவிட்டது. எங்கள் தெருவுக்கு அது எப்போது வரும்?

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தூங்காதவர் எழுதும் மனு இது. தயவுசெய்து இரவு ஷிப்டை நிறுத்த உத்தரவிடுங்கள். அதற்குமுன் ஆய்வு வேண்டுமென்றால் செய்யுங்கள். ஆனால் வரும் நாளைக் குடோனுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பிள்ளையார் கோயில் தெருவாசி